புரதத்தின் உருவமும் மருத்துவமும்

ஹவுராப் புகைவண்டி நிலையத்தை விட்டு வெளியே வருகின்ற தமிழர் எவருக்கும் முதலில் கண்ணிற் படுவது ஹூக்ளி நதியின்மீது நிற்கும் பெரும் பாலமே. 1943-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அப்பாலத்தில் ஏறத்தாழ 26,500 டன் உருக்கு அடங்கியிருக்கிறது. அதில் போல்ட்டும் நட்டும் கிடையா. உருக்குத் துண்டுகள் அனைத்தும் ரிவெட் ஆணிகளால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. சிறு துண்டுகளை உரிய இடத்தில் உரிய கோணத்தில் சேர்த்தால் பேருருவம் ஒன்று பிறக்கும் என்பதற்கு அஃது ஒரு சான்று.

ஆனால், அப்பாலத்தின்மீது நாள்தோறும் நடந்து செல்லும் மக்கள் ஒவ்வொருவரின் உடலுக்குள்ளும் அதனினும் வியப்பான கட்டடங்கள் கோடானுகோடி இருக்கின்றன. கயிறுகள், கூண்டுகள், வளையங்கள், குழாய்கள் என அவற்றின் வடிவங்கள் பல. அவற்றைக் கட்டுவதற்குக் கொத்தனும் இல்லை, கொல்லனும் இல்லை. துண்டுகள் தாமே ஒன்றையொன்று அடையாளங்கண்டு, தாமே சேர்ந்து கொள்கின்றன. அவற்றின் பெயர்தான் புரதம். இப்புரதக் கட்டடங்களை மருத்துவத்திற்குப் பயன்படுத்திக்கொள்ளும் முயற்சி இன்று உலகெங்கும் நடைபெற்று வருகிறது. அம்முயற்சியில் சென்னைக்கும் வங்கத்திற்கும் உரிய பங்கு யாது என்பதைச் சிறிது எடுத்துரைக்க விரும்புகிறோம்.

புரதம் என்றவுடன் பருப்பும் பாலும் முட்டையும் நம் நினைவுக்கு வருகின்றன. உணவு என்ற வகையில் அது சரியே. ஆனால் உடலுக்குள் புரதம் செய்யும் தொழில் வேறு. அமினோ அமிலம் எனப்படும் மணிகள் இருபது வகை உண்டு. அவை ஒரு சரத்தில் கோக்கப்பட்டாற்போல வரிசையாக இணைகின்றன. கோத்த சரம் நீண்டு கிடப்பதில்லை. மடிந்தும் முறுகியும் ஒரு திட்டமான உருவத்தை அடைகின்றது. அவ்வுருவம் அமைந்த பின்னரே அது தன் வேலையைச் செய்ய வல்லதாகிறது. முட்டையின் வெண்கருவைச் சுடுநீரில் இட்டால் அது வெளுத்து இறுகிப்போவதை நம் இல்லங்களில் காண்கிறோம். அங்கே மணிகள் மாறவில்லை, அவை கோக்கப்பட்ட வரிசையும் மாறவில்லை. உருவம் மட்டுமே குலைந்தது. ஆயினும் அந்த முட்டையிலிருந்து இனிக் குஞ்சு பிறவாது. உருவம் கெட்டால் தொழில் கெடும் என்பதே புரத விஞ்ஞானத்தின் முதற் பாடம்.

இனி அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமயிர் ஒன்றின் பருமன் எண்பதினாயிரம் நானோமீட்டர் அளவுக்கு இருக்கலாம். புரதக் கட்டடங்களோ பெரும்பாலும் சில நானோமீட்டர் முதல் நூறு, இருநூறு நானோமீட்டர் வரைதான். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு 'நானோ' என்னும் சொல் அடிக்கடி இடர் தருவது. 'நுண்' என்று எழுதலாமெனில், நுண்ணுயிர், நுண்ணோக்கி என அச்சொல்லை அதனினும் பெரிய பொருள்களுக்கு முன்னரே தந்துவிட்டோம். கிரேக்க மொழியில் அதன் மூலச்சொல்லுக்குக் குள்ளன் என்று பொருள். தமிழில் வாமனனைக் குறளன் என்பர். குறள் உருவில் வந்தவன் மூவடியால் உலகை அளந்த கதையை அறிந்த நமக்கு, சிற்றுருவில் பேராற்றல் அடங்கியிருத்தல் புதிய செய்தி அன்று.

சிற்றுருவின் ஆற்றல் நன்மைக்கு மட்டுமே உரியதன்று என்பதையும் இந்நகரமே உலகிற்குக் காட்டியது. காலரா நோயின் கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1884-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஆராய்ந்தார். கிருமியைக் கண்டாயிற்று, ஆனால் அது மனிதனை எவ்வாறு கொல்கிறது என்பது அடுத்த எழுபத்தைந்து ஆண்டுகள் தெளிவாகவில்லை. அதனைத் தெளிவாக்கியவர், ஹூக்ளி மாவட்டத்தில் 1915-ல் பிறந்து, கல்கத்தாவின் மருத்துவக் கல்லூரிகளில் நோய்க்குறியியல் கற்பித்த சம்புநாத் தே அவர்கள். கிருமியை வளர்த்த நீரை வடிகட்டி, கிருமிகள் ஒன்றுகூட இல்லாதபடி செய்து, அந்நீரை முயலின் குடலில் கட்டிய ஒரு பகுதிக்குள் செலுத்தினார். கிருமி இல்லாமலே குடலில் நீர் பெருகியது. ஆகவே, கொல்வது கிருமி வெளிவிடும் ஒரு நஞ்சு என்பது உறுதியாயிற்று. இம்முடிவு 1959-ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று.

அந்த நஞ்சு ஒரு புரதம். பின்னர் வந்த ஆராய்ச்சியாளர் அதன் உருவத்தையும் கண்டனர். ஐந்து துண்டுகள் சேர்ந்த ஒரு வளையம். அதன் நடுவே ஒரு தனித்துண்டு. வளையம் குடலின் உயிரணுவைப் பற்றிக்கொள்கிறது. நடுத்துண்டு உள்ளே நுழைந்து உடலின் நீரையெல்லாம் வெளியேற்றச் செய்கிறது. இதிலே ஓர் அரிய உண்மை அடங்கியிருக்கிறது. நடுத்துண்டை நீக்கிவிட்டால் எஞ்சிய வளையம் தீங்கற்றது. ஆயினும் அதனைக் கண்ட உடல், நஞ்சையே கண்டதாகக் கருதி எதிர்ப்பாற்றலை வளர்த்துக்கொள்கிறது. ஆகவே, அவ்வளையத்தைச் சேர்த்து, வாய்வழி அருந்தும் காலராத் தடுப்பு மருந்து ஒன்று சுவீடனில் உருவாக்கப்பட்டது. கொல்லும் கட்டடத்தின் ஒரு பகுதியே காக்கும் மருந்தாயிற்று. இவ்வளவுக்கும் அடிகோலிய சம்புநாத் தே அவர்கள் 1985-ல் மறைந்தார். தம் நாட்டின் விஞ்ஞானக் கழகங்கள் எவையும் அவரைத் தம் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை நாம் வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது.

இனிச் சென்னைக்குச் செல்வோம். கல்கத்தாவின் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் 1907 முதல் ஆராய்ச்சி செய்து, 1928-ல் உலகப் புகழ் பெற்ற கண்டுபிடிப்பை நிகழ்த்தியவர் சர் சி. வி. ராமன் என்பதை நேயர்கள் அறிவீர்கள். அவர் பின்னர்ப் பெங்களூர் சென்றபோது அங்கே அவருக்கு மாணவராக வாய்த்தவர் ஜி. என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் 1922-ல் பிறந்து திருச்சிராப்பள்ளி சூசையப்பர் கல்லூரியில் பயின்ற அவர், 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவரானார். நம் தோல், எலும்பு, தசைநார் ஆகியவற்றின் வலிமைக்குக் காரணமான கொல்லாஜென் என்னும் புரதத்தின் உருவம் அந்நாளில் விளங்காத புதிராக இருந்தது. கங்காருவின் வால் தசைநாரை எக்ஸ் கதிரால் படம் பிடித்து, கோபிநாத கர்த்தாவுடன் சேர்ந்து ராமச்சந்திரன் அப்புதிரை ஆராய்ந்தார்.

ஹவுராவின் சணல் ஆலைகளில் கயிறு திரிப்பதைக் கண்டவர்களுக்கு அவர்களின் முடிவு எளிதில் விளங்கும். கொல்லாஜென் மூன்று புரிகள் முறுக்கிய கயிறு. மூன்று புரிகளும் நெருங்கி முறுக வேண்டுமாயின், நடுவே பருத்த மணிக்கு இடமில்லை. அமினோ அமிலங்களில் மிகச் சிறியது கிளைசீன். கொல்லாஜென் சரத்தில் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசீனாகவே இருப்பதன் காரணம் இதுதான். 1954-ல் வெளியான இக்கருத்து மறு ஆண்டு மேலும் செப்பம் பெற்றது. அக்கயிற்றின் ஓர் இழை ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளமும் ஒன்றரை நானோமீட்டர் பருமனும் உடையது.

மேனாட்டு அறிஞர் சிலர் இம்முடிவை எதிர்த்தனர். அணுக்கள் இவ்வளவு நெருங்கி நிற்க இயலாது என்பது அவர்களது வாதம். ராமச்சந்திரன் அவ்வாதத்தைச் சினவாமல் ஏற்று, அணுக்கள் எந்த அளவுக்கு நெருங்கலாம் என்பதையே தனி ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய இருவருடன் சேர்ந்து 1963-ல் அவர் வெளியிட்ட வரைபடம் உலகெங்கும் 'ராமச்சந்திரன் வரைபடம்' என்றே வழங்குகிறது. புரதச் சரம் எந்தெந்தக் கோணங்களில் மடியலாம், எந்தெந்தக் கோணங்களில் மடியலாகாது என்பதை அது காட்டும். இன்று கணிப்பொறியைக் கொண்டு, இயற்கையில் இல்லாத புதிய புரதங்களை வடிவமைக்கின்றனர். அத்துறையின் முன்னோடியான டேவிட் பேக்கருக்கு 2024-ல் நோபெல் பரிசும் கிடைத்தது. அவ்வாறு வரையப்படும் உருவம் பொருந்துமா என்று சோதிக்கும்போது இன்றும் சென்னையில் பிறந்த அப்படமே துணைக்கு வருகிறது.

கயிற்றின் உருவத்தை அறிந்ததால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-ல் தோல் பதனிடும் தொழிலுக்காக நிறுவப்பெற்றது; கொல்கத்தாவிலும் அதற்கு ஒரு கிளை உண்டு. பதனிடும் தொழிலாளி கையாளும் தோலின் பெரும்பகுதி கொல்லாஜெனே. அதனைத் தூய்மை செய்து மெல்லிய தாள்களாக்கினால், தீப்புண்ணின்மீது இடும் கட்டாகப் பயன்படும் என்பதை அந்நிலையத்தார் செய்து காட்டினர். பழைய முறையில் தீப்புண்ணுக்கு இட்ட பஞ்சுத் துணியைப் பிரிக்கும்போதெல்லாம் புதுத் தோலும் உரிந்து வரும், நோயாளி அலறுவார். கொல்லாஜென் தாளோ புண்ணோடு ஒட்டிக்கிடந்து, உள்ளே புதிய தோல் வளர இடந்தந்து, பின்னர்த் தானே கழன்று போகும். அதனை நாள்தோறும் பிரிக்க வேண்டியதில்லை. அடுப்பங்கரையில் புடைவை தீப்பற்றிய பெண்மணிக்கு இது சிறிய உதவியன்று. ஆனால் கொல்லாஜென் கயிற்றை அளவு கடந்து சூடாக்கினால் முறுக்கு அவிழ்ந்து வெறும் ஜெலட்டினாகிவிடும். அதனால், சுத்திகரிக்கும்போதும் உருவத்தைக் காக்க வேண்டும். முதற் பாடத்தை நாம் மறக்கலாகாது.

தோலுக்குச் சென்னை என்றால், பட்டுக்கு வங்கம். முர்ஷிதாபாத், மால்தா மாவட்டங்களின் பட்டையும், காட்டு மரங்களில் வளரும் புழு தருகின்ற தசர்ப் பட்டையும் இங்கு வாழும் நம் தாய்மார்கள் நன்கு அறிவார்கள். பட்டிழையும் புரதமே. உள்ளே ஃபைப்ராயின் என்னும் வலிய இழை. அதனைச் சுற்றிச் செரிசின் என்னும் பிசின். ஃபைப்ராயினில் சில நானோமீட்டர் அளவுள்ள படிகங்கள், அடுக்கிய தாள்கள்போல் நெருங்கி நிற்பதால்தான் பட்டு அவ்வளவு வலிமை பெறுகிறது. அறுவை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பட்டு நூலால் புண்ணைத் தைத்து வந்திருக்கின்றனர். இன்று அதே பட்டைக் கரைத்து, மென்படலமாகவும், துளைகள் நிறைந்த பஞ்சுபோலவும், மருந்தைச் சுமக்கும் நுண்டுகள்களாகவும் மாற்றுகின்றனர்.

ஹவுராவிலிருந்து சென்னை செல்லும் வண்டி நிற்கும் கரக்பூர் நிலையத்தை நம்மில் பலர் அதன் நீண்ட நடைமேடையால் மட்டுமே நினைவில் வைத்திருப்போம். அவ்வூரில் 1951-ல் தோன்றிய தொழில் நுட்பக் கழகத்தில் பணியாற்றியபோது பேராசிரியர் எஸ். சி. குண்டுவும் அவருடைய மாணவர்களும் பட்டுப் புரதத்தைப் பற்றி விரிவாக ஆராய்ந்தனர். குறிப்பாக, தசர்ப் பட்டின் புரதத்தில், உயிரணுக்கள் பற்றிக்கொள்வதற்கு ஏற்ற மூன்று மணிகளின் வரிசை ஒன்று இயற்கையாகவே அமைந்திருக்கிறது; முசுக்கொட்டைப் பட்டில் அஃது இல்லை. ஆகவே, சேதமுற்ற உறுப்பில் புதிய உயிரணுக்கள் படர்வதற்குரிய பந்தலாகத் தசர் உதவக்கூடும். பட்டுக்கூட்டைச் சோப்பு நீரில் வேகவைக்கும்போது வீணே சாக்கடைக்குப் போகும் செரிசினையும் அவர்கள் மருந்து சுமக்கும் துகள்களாக்கிச் சோதித்தனர். இவற்றுட் பல இன்னும் ஆராய்ச்சிச் சாலையின் வாயிலைக் கடந்து மருத்துவமனைக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

மருத்துவமனைக்கு வந்தே விட்டவை எவை? இரண்டை மட்டும் சொல்வோம். புற்று நோய்க்குத் தரப்படும் பேக்லிடாக்சல் என்னும் மருந்து நீரில் கரையாது. ஆகவே, ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கலந்து அதனைச் செலுத்தினர். சிலருக்கு அக்கரைப்பானே ஒவ்வாமையை விளைவித்தது. நம் இரத்தத்தில் கொழுப்பு முதலியவற்றைச் சுமந்து திரியும் கூலியாள் போன்ற புரதம் ஆல்புமின். அதனுடன் மருந்தைப் பிணைத்து, ஏறத்தாழ 130 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்கியபோது, அந்தக் கரைப்பான் தேவையற்றதாயிற்று. 2005-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது; பின்னர் நம் நாட்டு நிறுவனங்களும் இதனைச் செய்யத் தொடங்கின.

மற்றொன்று நம் இல்லங்களுக்கே வந்துவிட்டது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-பி நோய்க்கு முதலில் தடுப்பு மருந்து செய்தபோது, நோயுற்றவர்களின் இரத்தத்திலிருந்தே அதனைப் பிரித்தெடுத்தனர். பின்னர், அந்த வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும் ஈஸ்டு என்னும் நுண்ணுயிரில் விளைவித்தனர். அப்புரதம் தானே திரண்டு 22 நானோமீட்டர் அளவுள்ள உருண்டையாகிறது. பார்வைக்கு வைரஸ் போன்றது. உள்ளே வித்து இல்லாமையால் பெருகும் ஆற்றல் அதற்கு இல்லை. வயலில் நிறுத்திய வைக்கோற் பொம்மை பறவையை ஏமாற்றுவது போல, இது நம் உடலின் காவலரை ஏமாற்றி விழிப்படையச் செய்கிறது. ஹைதராபாத்தின் சாந்தா நிறுவனம் 1997-ல் இதனை நம் நாட்டிலேயே செய்து வெளியிட்டது. கருப்பைக் கழுத்துப் புற்று நோயைத் தடுக்கும் ஊசியும் இவ்வகையினதே. பூனா நகரின் சீரம் நிறுவனம் செய்த அவ்வூசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது.

இவ்வளவு நன்மைகளைச் சொன்ன பின் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உருவம் பிறழ்ந்த புரதங்கள் மூளையில் இழை இழையாகப் படிவதை அல்ஸைமர் என்னும் மறதி நோயில் காண்கிறோம். மாடுகளிடமிருந்து மனிதருக்குப் பரவிய மூளை நோய் ஒன்றுக்கும் பிறழ்ந்த புரதமே காரணம். ஆகவே, விலங்கின் உடலிலிருந்து எடுக்கும் புரதத்தை மிக்க கவனத்தோடு தூய்மை செய்தல் வேண்டும். வேற்றுப் புரதத்தை உடல் பகையெனக் கருதிச் சீறுவதும் உண்டு. இவற்றையெல்லாம் ஆண்டுக்கணக்கில் சோதித்த பின்னரே ஒரு பொருள் மருந்தெனும் பெயருக்கு உரியதாகிறது.

கடைத்தெருவிலோ நிலைமை வேறாக இருக்கிறது. கொல்லாஜென் பொடியை உண்டால் மூப்பு வாராது என்றும், 'நானோ' என்று பெயரிட்ட களிம்பு எல்லாப் புண்ணையும் ஆற்றும் என்றும் விளம்பரங்கள் கூறுகின்றன. நேயர்கள் முதற் பாடத்தை நினைவுகூர வேண்டும். உண்ட கொல்லாஜென் நம் வயிற்றில் செரித்துத் துண்டுதுண்டாகிறது. மூன்று புரிக் கயிறு கயிறாகவே தோலைச் சென்றடைவதில்லை. உடல் தனக்கு வேண்டிய கயிற்றைத் தானே திரித்துக்கொள்கிறது. அதற்குப் பருப்பும் மீனும் போன்ற புரத உணவு வேண்டும். கயிறு உறுதி பெறுவதற்கு வைட்டமின் 'சி'யும் வேண்டும். அவ்வைட்டமின் நெல்லிக்கனியில் நிறைய உண்டு. கொல்லாஜென் பொடிக்குக் கொடுக்கும் விலையில் ஒரு கூடை நெல்லிக்கனி வாங்கலாம்.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர் மூன்று செய்திகளை மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறோம். இடம் மாறி வந்த குடும்பங்களில் குழந்தைகளின் தடுப்பூசி வரிசை இடையே அறுபட்டுப்போவது எளிது. ஹெபடைடிஸ்-பி ஊசியின் முதல் அளவு, குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் போடத் தக்கது. சொந்த ஊரில் போட்ட ஊசிகளின் அட்டையைப் பெட்டியின் அடியில் வைத்துவிடாமல், புது ஊரின் சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அட்டை தமிழில் இருந்தால் அதனைப் படித்துச் சொல்ல அண்டையில் ஒருவர் கிடைக்காமற் போகமாட்டார். ஒன்பது முதல் பதினான்கு வயதுள்ள பெண் குழந்தை வீட்டில் இருந்தால், கருப்பைக் கழுத்துப் புற்று நோய்த் தடுப்பைப் பற்றி மருத்துவரைக் கேளுங்கள். மூன்றாவதாக, எவருக்கேனும் தீப்புண் நேர்ந்தால் எண்ணெயோ மையோ மாவோ தடவாதீர்கள். இருபது நிமிடம் குளிர்ந்த குழாய் நீரை ஓடவிட்டு, தூய துணியால் மூடி, மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். வெப்பம் தோலின் புரதத்தைக் குலைத்துக்கொண்டே போவதை அந்நீர் தடுக்கிறது. அதன் பின்னர் எந்தக் கட்டு இடுவது என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.